வால்வு தூங்கும் நேரங்கள்

— இல்லம்மா, நீ முழுசா கேளு. நேத்து மட்டும் பத்தொம்பதரை மணி நேரம். முந்தாநாள் இருபது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஓடிட்டு மிச்ச நேரமெல்லாம் நின்னு போற மெஷினை யாராவது நல்ல மெஷின்னு சொல்வாங்களா? எங்கயோ கோளாறு இருக்கு, ஆச்சா.

— அப்பா, அது மெஷின் இல்ல. பூனைக்குட்டி. கொஞ்சம் மெதுவா பேசுங்க, அந்த நாய்க்காரர் நம்மளயே பாக்கறார்.

— பாக்கட்டும். முப்பத்தோரு வருஷம் பாய்லர் பக்கத்துல நின்னு கத்தின தொண்டை. இதுக்கு மேல எறங்காது.

— கூடையை என்கிட்ட குடுங்க. மடியில வெச்சுக்கிட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் தூக்கறீங்க.

— மூச்சு பாக்கறேன். இரு, இரு... இருபத்தெட்டு, இருபத்தொம்பது, முப்பது. பாத்தியா? வண்டியில வரும்போது இருபத்தாறுதான் இருந்துச்சு. இந்தா, கூடையைப் பிடி. எங்க என் நோட்டு?

— வண்டியிலயுமா எண்ணினீங்க? நான் தெனமும் ஸ்கூல் வேன்ல முப்பது பிள்ளைங்கள ஏத்தி எறக்கறேன். அந்த முப்பதும் சேந்து இந்தப் பாடு படுத்தல என்னை.

— பன்னெண்டே கால் மணி. மிருக ஆஸ்பத்திரி வராண்டா. கூடை. மூச்சு முப்பது. எழுதியாச்சு.

— ராத்திரியும் இப்படித்தானா? மணிக்கு மணி?

— ரீடிங்னா மணிக்கு ஒரு தடவைதான். ராத்திரி, பகல்னு பாய்லருக்குத் தெரியுமா?

— உங்க கண்ணைக் கண்ணாடியில பாத்தீங்களா? ரெண்டும் ரத்தச் செவப்பா இருக்கு. ஒரு குட்டி வந்தா அதோட விளையாடி அலுத்துப் போய் நல்லாத் தூங்குவீங்கன்னுதான் கொண்டு வந்து குடுத்தேன். இப்ப விடிய விடிய டார்ச் அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க.

— நேரா அடிக்க மாட்டேன். சுவத்துல அடிச்சு அந்த வெளிச்சத்துல பாப்பேன். மூஞ்சியில அடிச்சா முழிச்சுக்கும்ல?

— என் கவலை அது முழிச்சுக்கறது இல்லப்பா. நீங்க ரெண்டு மணி நேரமாவது முதுகை நீட்டிப் படுங்களேன். குட்டி எங்க ஓடிடப் போகுது?

— ரிலீவர் வராம பாய்லரை விட்டு எறங்கக் கூடாது. அடுத்த ஷிப்ட் ஆளு வந்து, "சரி, நான் பாத்துக்கறேன், நீ போ"ன்னு வாயால சொல்லணும். அப்புறம்தான் எறங்கணும். அதுதான் முதல் சட்டம்.

— தெரியும், தெரியும். நான் பொறந்த அன்னிக்கே உங்க ரிலீவர் வரல. ஆஸ்பத்திரிக்கு மறுநாள் காலையில வந்து நின்னீங்களாம், மூஞ்சியெல்லாம் கரியோட. நர்ஸ் உங்களை உள்ளயே விடலயாம். அம்மா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டினா.

— சொல்லிக் காட்டுவா. ஆனா "ஏன் விட்டுட்டு வரல"ன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. அவளுக்குத் தெரியும்.

— அப்பா, ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது.

— கோவப்படக் கூடாதுன்னு ஆரம்பிச்சாலே கோவப்படற விஷயம்தான். சொல்லு.

— இந்த டாக்டர் குட்டியைக் குடுக்கும்போது என்ன சொன்னாங்க? ரெண்டு வாரம் வெச்சுப் பாருங்க, ஒத்து வரலைன்னா திருப்பிக் கொண்டு வந்துடுங்கன்னு. இன்னிக்குப் பன்னெண்டாவது நாள்.

— யாருக்கு ஒத்து வரல? குட்டிக்கா, எனக்கா?

— உங்களுக்கு.

— ஓஹோ. அப்ப நீ என்னைக் கூட்டிட்டு வந்தது வைத்தியம் பாக்க இல்ல.

— அதுக்கும்தான் வந்தேன்...

— கூடையைக் குடு.

— அப்பா.

— கூடையைக் குடும்மா.

— அடுத்தது யாருங்க? பூனைக்குட்டியா? உள்ள வாங்க. அட, நம்ம அட்டைப்பெட்டிக்காரி! வாடி என் பட்டு. கேட் வாசல்ல பெட்டியில கெடந்த மூணு பேர்ல இவதான் ரொம்பக் கத்தினவ. சார், நீங்கதான் அப்பாவா? கூடையை இந்த மேஜை மேல வெங்க. என்ன பேரு வெச்சிருக்கீங்க?

— வால்வு, டாக்டரம்மா.

— என்னது?

— வால்வு. வந்த அன்னிக்குக் கட்டிலுக்கு அடியில கையை விட்டேன். புஸ்ஸுன்னு ஒரு சீறல். பாய்லர்ல பிரஷர் எக்கச்சக்கமா ஏறிடுச்சுன்னா சேஃப்டி வால்வு தானா தூக்கி ஆவியை வெளிய விட்டுடும். அப்ப இதே சத்தம்தான் வரும். அது ஒழுங்கா வேலை செஞ்சா பாய்லர் வெடிக்காது. நல்ல பேருதானேன்னு வெச்சுட்டேன்.

— நான் மல்லின்னு வெக்கச் சொன்னேன் டாக்டர். கேட்டாத்தானே.

— அது சரி. வால்வம்மா, வாயைக் காட்டு. ஆங், சமத்து. ஈறு நல்ல ரோஸ் கலர். காது சுத்தம். தராசுல உக்காரு பாக்கலாம். தொள்ளாயிரத்து அம்பது! போகும்போது எழுநூத்தம்பதுதானே இருந்தே, என்னடி திங்கறே? சார், இது ஜம்முனு இருக்கு. என்ன தொந்தரவுன்னு வந்தீங்க?

— தூக்கம், டாக்டரம்மா.

— தூங்க மாட்டேங்குதா?

— தூங்கிக்கிட்டே இருக்கு.

— எவ்வளவு நேரம்?

— பன்னெண்டு நாளுக்கும் சராசரி போட்டு வெச்சிருக்கேன். பத்தொம்பது மணி இருபது நிமிஷம்.

— சராசரியா! இந்த அறையில இருபது வருஷமா உக்காந்திருக்கேன், இப்படி யாரும் வந்து சொன்னதில்ல. சார், பத்து வாரக் குட்டி பதினெட்டு மணி நேரமும் தூங்கும், இருபது மணி நேரமும் தூங்கும். அது வளர்றதே தூக்கத்துலதான்.

— தூங்கும்போது காலை வெட்டி வெட்டி இழுக்குது. மீசை துடிக்குது. மூணாம் நாள் ராத்திரி வாயைச் சப்புக் கொட்டுச்சு. அதையும் குறிச்சு வெச்சிருக்கேன்.

— கனவுல பால் குடிச்சிருக்கும்.

— பூனைக்குக் கனவு வருமா?

— வருதுன்னுதான் சொல்றாங்க. என்ன கனவுடின்னு கேட்டா இவதான் வாயைத் திறக்க மாட்டேங்கறா.

— அப்ப... கோளாறு ஒண்ணும் இல்ல?

— ஒரு மண்ணும் இல்ல. இதை விட நல்லாத் தூங்கற குட்டியை நான் பாத்ததில்ல.

— அப்பாடா. டாக்டரம்மா, அந்த ஸ்டூல்ல கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?

— உக்காருங்க சார், தாராளமா. தண்ணி குடிக்கறீங்களா? அந்த நோட்டைக் குடுங்க, பாப்போம். யம்மா! நேரம், இடம், மூச்சு, குறிப்பு... கோடெல்லாம் ஸ்கேல் வெச்சுப் போட்டிருக்கீங்களா?

— லாக் புக்னா அப்படித்தான் இருக்கணும், ஆச்சா. பேப்பர் மில்லுல என் ஷிப்ட் பக்கத்தைக் காட்டித்தான் புதுசா வர்ற ஆளுங்களுக்குப் பாடம் எடுப்பாங்க. ரீடிங் பொய் சொல்லாது டாக்டரம்மா. எங்க மில்லுல ஒருத்தன் இருந்தான்...

— ஆரம்பிச்சுட்டார். கேன்டீன் கதை.

— நீ சும்மா இரு. ஒருத்தன் இருந்தான். ஷிப்ட் ஆரம்பிச்சதும் எட்டு மணி நேர ரீடிங்கையும் ஒரே தடவையில எழுதிட்டு கேன்டீனுக்குப் போய் பெஞ்சுல படுத்துடுவான். ஒரு நாள் பாய்லர்ல தண்ணி கீழ எறங்கி, ட்யூப்பெல்லாம் பழுத்துப் போய், நல்ல வேளை, ஆளுக்கு ஒண்ணும் ஆகல. மேனேஜர் வந்து நோட்டைப் பாத்தாரு. பிரஷர் எட்டு தடவையும் ஒரே நம்பர். ஒரு புள்ளி ஏறல, எறங்கல. உசுரோட இருக்கற பாய்லர்ல அப்படி வருமா? அன்னியில இருந்து அவன் பேரே கேன்டீன் ஆயிடுச்சு. அவன் கல்யாணப் பத்திரிகையில இருந்த பேரு எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இல்ல.

— பாவம், இன்னும் பேசிக்கிட்டு இருக்கீங்களே சார் அவரைப் பத்தி.

— பாக்காம எழுதறவனை நான் மனுஷனாவே மதிக்க மாட்டேன் டாக்டரம்மா. விஷயம் அவ்வளவுதான்.

— அப்பா, வால்வோட துண்டு வண்டியிலயே கெடக்கு போல. இந்த மேஜை ஜில்லுன்னு இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?

— துண்டா? சரி, சாவியைக் குடு. நீ அது மேல கையை வெச்சுக்கோ. ஓரத்துக்குப் போகுது பாரு. கையை எடுத்துடாதே.

— எடுக்கல, போங்க... டாக்டர், அவர் வர்றதுக்குள்ள சொல்லிடறேன். நான் இதைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன்.

— ஏன்மா? இவ்வளவு பாசமா இருக்கார்?

— அந்தப் பாசம்தான் பயமா இருக்கு. அந்த நோட்டைப் பாருங்க. ராத்திரி பன்னெண்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு. எல்லா மணிக்கும் எழுத்து இருக்கா? அப்ப அவர் எப்ப தூங்கினார்?

— நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

— இது குட்டி வந்ததுனால வந்தது இல்ல டாக்டர். எட்டு மாசமா இப்படித்தான். எங்கம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. விடியக்காலம். பக்கத்துல இவர் படுத்திருக்கார். ஆறு மணிக்கு எந்திரிச்சு, காபி போட்டு எடுத்துட்டு வந்து எழுப்பினாராம். அது வரைக்கும் அவருக்குத் தெரியாது.

— ஐயோ.

— அன்னியில இருந்து படுக்கறதில்ல. ஹால்ல நாற்காலியில உக்காந்திருப்பார். பகல்ல எங்கயாவது கால் மணி, அரை மணி கண்ணை மூடறதோட சரி. அவரோட டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தார். போட மாட்டேங்கறார். "மாத்திரை போட்டா கூப்பிட்டாக் கேக்காதும்மா"ங்கறார். "யாருப்பா கூப்பிடப் போறாங்க?"ன்னு நான் ஒரு தடவை கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ரெண்டு நாள் என்னோட பேசல.

— ரத்த அழுத்தம் எல்லாம் எப்படி இருக்கு?

— நூத்தி எண்பது. இப்படியே தூங்காம இருந்தா ஒரு நாள் கை, கால் விழுந்துடும்னு அந்த டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். எனக்கு அம்மா போயாச்சு டாக்டர். இவரும் போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா? இப்ப இந்தக் குட்டி வேற. மூச்சு எண்ணறார், பாத்தீங்களா? எதுக்கு எண்ணறார்னு எனக்குத் தெரியாதா?

— புரியுதும்மா. அழாத. ஒரு டைலரம்மா இந்தக் குட்டியைக் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. நல்ல இடம். ஆனா அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

— நீங்க சொன்னா கேப்பார். டாக்டர்னா ஒரு மரியாதை அவருக்கு.

— என்னை மாட்டி விடப் பாக்கறே... ஸ்ஸ், வந்துட்டார். வாங்க சார். துண்டு கெடச்சுதா?

— கெடைக்கல. வண்டி பூராத் தேடிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, துண்டைக் கூடைக்குள்ள நான்தான் விரிச்சேன். அது மேலதான் வால்வே வந்தா. பேசி முடிச்சாச்சா ரெண்டு பேரும்?

— அப்பா, அது வந்து...

— உக்காருங்க சார். ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்கு வராது. குட்டிக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் தூக்கம் இல்ல. இது உங்க வீட்டுல இருக்கற வரைக்கும் நீங்க தூங்க மாட்டீங்கன்னு உங்க பொண்ணு பயப்படறாங்க. அவங்க பயம் நியாயம்தான்.

— அதனால?

— கொஞ்ச நாள் வேற வீட்டுல...

— டாக்டரம்மா, அந்த நோட்டுல இடம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதைப் படிங்க. மூச்சை விடுங்க, இடத்தைப் படிங்க.

— படிக்கறேன். முதல் நாள், கட்டிலுக்கு அடியில, பெட்டிக்குப் பின்னாடி. ரெண்டாம் நாளும் அதே. மூணாம் நாள், பெட்டிக்கு முன்னாடி.

— முன்னாடி. ஒரு முழம். அந்த ஒரு முழம் வர்றதுக்கு மூணு நாள் ஆச்சு அதுக்கு.

— நாலாம் நாள், என் வலது ஷூவுக்குள்ள. ஷூவுக்குள்ளயா சார்?

— மில்லுல போட்ட பழைய ஷூ. தலை உள்ள, வால் வெளிய. கழட்டி வெச்ச எடத்துல இருந்து ரெண்டு நாள் நான் அதை நகத்தவே இல்ல.

— ஆறாம் நாள், மோடம் பெட்டி மேல.

— கதகதன்னு இருக்கும்ல? இன்டர்நெட் நின்னு போச்சு. பரவால்லன்னு விட்டுட்டேன்.

— அதான் வீடியோ கால் வரலயா? நான் மூணு நாளா கம்பெனிக்காரனைப் பிடிச்சுத் திட்டிக்கிட்டு இருக்கேன்!

— எட்டாம் நாள்... அலமாரி. கீழ் தட்டு. ஸ்வெட்டர் மேல.

— எந்த அலமாரிப்பா?

— அதான்.

— அம்மாவோடதா? அதைத் திறந்தீங்களா? நான் எத்தனை தடவை கேட்டேன், திறக்கவே விட மாட்டேன்னுட்டீங்களே.

— நான் திறக்கல. அது நகத்தை விட்டு இழுத்துத் திறந்துச்சு. உள்ள போய் ஸ்வெட்டரை மிதி மிதின்னு மிதிச்சுட்டு, சுருண்டு படுத்துடுச்சு. வெரட்ட மனசு வரல. சரி, ஒருத்தராவது போட்டுக்கட்டும்னு விட்டுட்டேன்.

— அப்பா...

— இப்பதான் டாக்டரம்மா அது வெளிய வந்திருக்கு. இதைத் தூக்கிட்டுப் போய் இன்னொரு வீட்டுல விட்டா, திரும்ப முதல்ல இருந்து கட்டிலுக்கு அடியில போகணும். அந்த ஒரு முழத்தை அது எத்தனை தடவை நடக்கும்? நான் தூங்கலைன்னா அதுக்கு என்ன நஷ்டம்?

— எனக்கு நஷ்டம்பா! எனக்கு!

— இருங்க, ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. சார், இந்த ஒம்பதாம் நாள்... வெள்ளிக்கிழமை ராத்திரி.

— அதுக்கென்ன?

— பதினோரு மணி, நாற்காலி, மூச்சு இருபத்தாறு. பன்னெண்டு, நாற்காலி, இருபத்தாறு. ஒரு மணி, நாற்காலி, இருபத்தாறு. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு வரைக்கும் அப்படியே.

— நல்லாத் தூங்குச்சு.

— நாலாம் நாளுக்கு அப்புறம் மத்த நாளெல்லாம் ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வீட்டைச் சுத்தி ஓடியிருக்கு. நாலரைக்குச் சாப்பாட்டுக் கிண்ணத்தை உருட்டியிருக்கு. மூச்சு இருபத்திரண்டு, இருபத்தெட்டுன்னு மாறிக்கிட்டே இருக்கு. குட்டின்னா அப்படித்தான் இருக்கணும். இந்த ஒரு ராத்திரி மட்டும் ஏழு மணி நேரம் அசையல, ஓடல, சாப்பிடல. கால் கூட இழுக்கல. குறிப்புல ஒண்ணுமே இல்ல.

— டாக்டர், மயக்கமா இருந்திருக்குமோ?

— அதான் யோசிக்கறேன்மா. இது எனக்குச் சரியாப் படல. கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாத்துடறேன். இன்னிக்கு ராத்திரி இங்கயே கூண்டுல இருக்கட்டும், கண்காணிப்புல வெச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்.

— ரத்தமா? இத்தனூண்டு உடம்புல எங்க இருந்து எடுப்பீங்க?

— கழுத்துல. முடியைக் கொஞ்சம் மழிச்சுட்டு. பிடிச்சுக்கறீங்களா சார்?

— வேணாம் டாக்டரம்மா. அதுக்கு ஒண்ணும் இல்லன்னு இப்பதானே சொன்னீங்க.

— இந்தப் பக்கத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி சொன்னேன். நீங்க எழுதினதை வெச்சுத்தானே நான் முடிவு பண்ண முடியும்? ரீடிங் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— சொன்னேன்.

— அப்புறம் என்ன? வால்வம்மா, இப்படித் திரும்பு...

— ரீடிங் பொய் சொல்லாது. எழுதறவன் சொல்வான்.

— என்னப்பா சொல்றீங்க?

— ஊசியைக் கீழ வெங்க டாக்டரம்மா. அந்த எட்டும் நான் பாத்து எழுதினது இல்ல.

— ஊசி இன்னும் டப்பாவுக்குள்ளதான் சார் இருக்கு. நீங்க சொல்லுங்க.

— வெள்ளிக்கிழமை பத்து மணி ரீடிங் வரைக்கும் நெசம். அதுக்கப்புறம் காலையில ஆறு மணிக்கு மேல, ஒரே பேனாவுல, ஒரே மூச்சுல உக்காந்து எழுதினேன். பத்து மணிக்கு இருபத்தாறு இருந்துச்சு, அதையே போட்டுட்டு வந்துட்டேன். முப்பத்தோரு வருஷத்துல ஒரு கட்டத்தைக் கூட நான் பாக்காம நெரப்பினது இல்லம்மா. நான் வெளிய போய் வண்டிகிட்ட நிக்கறேன். நானும் கேன்டீன் ஆயிட்டேன்.

— எங்கயும் போக வேணாம்பா, இங்க பாருங்க. ஏன் பாக்கல? அந்த ஏழு மணி நேரமும் என்ன பண்ணினீங்க?

— கேக்காத.

— கேப்பேன்.

— தூங்கிட்டேன்.

— ...ஏழு மணி நேரமா?

— அலாரம் அடிச்சிருக்கும். கேக்கல. தப்புதான். அதுக்கு நடுவுல இதுக்கு ஏதாவது ஆகியிருந்தா? அதை நெனச்சுத்தான் இன்னிக்கு டாக்டர்கிட்ட வரணும்னு நானே துடிச்சேன். அந்த ஏழு மணி நேரத்துல நான் பாக்காதது ஏதாவது நடந்திருந்தா, இவங்க கண்டு பிடிச்சுடுவாங்கன்னு. நீ ஏன்மா அழறே? சத்தியமா இனிமே விட மாட்டேன். சனிக்கிழமை பூரா நின்னுக்கிட்டே பாத்தேன், உக்காரவே இல்ல.

— ஐயோ அப்பா, வேணாம்! நிக்கவும் வேணாம், எண்ணவும் வேணாம்! டாக்டர், கேட்டீங்களா? ஏழு மணி நேரம்! எட்டு மாசமா நான் கும்பிடாத சாமி இல்ல!

— கேட்டேன், கேட்டேன். சார், சனிக்கிழமை நின்னீங்க. சரி. நேத்து?

— நேத்து என்ன?

— நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு மேல எழுத்து கொஞ்சம் அழகா இருக்கே. ரொம்ப நிதானமா.

— உங்களுக்கு மேனேஜர் உத்தியோகம் குடுக்கலாம் டாக்டரம்மா. நேத்தும்தான். ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும். இந்தத் தடவை சந்தேகம் வராம இருக்க இருபத்தி மூணு, இருபத்தஞ்சுன்னு மாத்தி மாத்திப் போட்டேன்.

— அட கடவுளே, அப்பா! பொய்க் கணக்கு எழுதறதுல ரெண்டே நாள்ல தேறிட்டீங்களே!

— சிரிக்காத. எனக்கு அவமானமா இருக்கு.

— நான் சிரிக்கவா அழவான்னு எனக்கே தெரியலப்பா.

— அந்த டைலரம்மாவுக்கு நான் வேற குட்டி பாத்துக் குடுத்துடறேன்மா. இது இவர் வீட்டுக் குட்டி. ஆனா சார், ஒரு வைத்தியம் இருக்கு, அதை ஒழுங்காச் செய்யணும். இந்த நோட்டு இன்னியில இருந்து என் மேஜை டிராயர்ல இருக்கும்.

— நோட்டு இல்லாம எப்படி...

— டிராயர்லதான் இருக்கும். மாசம் ஒரு தடவை தடுப்பூசிக்கு வருவீங்கல்ல, அப்ப வந்து பாத்துக்குங்க. இன்னொண்ணு, டாக்டரா இல்ல, சும்மாக் கேக்கறேன். வெள்ளிக்கிழமை வால்வு எங்க இருந்தா? நாற்காலின்னு போட்டிருக்கீங்களே, உங்க நாற்காலியிலயா?

— மடியில ஏறுச்சு. முதல் தடவையா அதுவா ஏறுச்சு. அப்படியே சட்டையைப் பிடிச்சு மேல வந்து, நெஞ்சு மேல குந்திக்கிச்சு. தூங்கப் போகுதுன்னு நெனச்சேன். தூங்கல டாக்டரம்மா. கண்ணை அகலமாத் திறந்து வெச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. உள்ள மோட்டார் மாதிரி ஒரு சத்தம் வேற, கர்ருன்னு, நிக்காம. நான் மூச்சு விட்டா மேல போகுது, கீழ வருது. அசைய மாட்டேங்குது.

— காலையில?

— ஆறு மணிக்குக் கண்ணைத் திறக்கறேன், அதே எடத்துல குந்திக்கிட்டு இருக்கு. கண்ணு ரெண்டும் திறந்து. அப்புறம் ஒரு கொட்டாவி விட்டுட்டு, குதிச்சு, அலமாரிக்குப் போய் ஸ்வெட்டர்ல படுத்துடுச்சு. சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல.

— அப்பா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. மாத்திரையால முடியல, என்னால முடியல. நான் கூடவே வந்து படுக்கறேன்னு சொன்னப்பக் கூட நாற்காலியை விட்டு எந்திரிக்கல நீங்க. அன்னிக்கு மட்டும் எப்படித் தூங்கினீங்க?

— நல்லாக் கேட்ட போ. ரிலீவர் வராம நான் என்னிக்கும்மா பாய்லரை விட்டு எறங்கியிருக்கேன்?